பேச்சுமொழிக்கு விதி கண்ட பேராசிரியர் ழூல் பிளோக்

மொழிநூல் அறிஞர் என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவோர் கால்டுவெல்லும் போப்பும், பின்னர் வந்த தேவநேயப் பாவாணரும் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாருமே ஆவர். அது முறையே. ஆயினும் நெடுங்காலம் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுவையின் மக்களாகிய நாம், அவ்வரிசையில் வைத்து எண்ண வேண்டிய பிரெஞ்சு அறிஞர் ஒருவர் உளர். மொழியியல் கற்கும் உலகம் முழுதும் அறிந்த பெயர் அவருடையது. திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பை ஆராய்ந்தவர். தமிழில் சாதிக்கும் பேச்சுக்கும் உள்ள தொடர்பை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆய்வுப் பொருளாக்கியவர். இந்திய மாணாக்கர் பலர்க்கு ஆய்வு வழி காட்டியவர். பேராசிரியர் ழூல் பிளோக் என்பார் அவரே. நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அவர் வரலாற்றை எழுதுவது பொருத்தமாகும் என்று கருதினோம். கல்லூரி முடித்து மேலாய்வு செய்ய எண்ணும் நம் இளைஞர்க்கு அவர் வாழ்வில் கொள்ளத்தக்கன பல உள.

பெயரைப் பற்றி ஒரு சொல். பிரெஞ்சுச் சொற்களின் தொடக்கத்தில் வரும் ஒருவகை ஒலியை நம் புதுவையார் ழகரத்தால் எழுதுவது வழக்கம். ழான், ழோசப் என்றெல்லாம் எழுதுகிறோம். உண்மையில் அவ்வொலி தமிழ் ழகரம் அன்று. சிறப்பெழுத்து என்று நாம் போற்றும் ழகரத்தை அயலொலிக்கு இரவல் கொடுத்துவிட்டு, நம் தெருப் பிள்ளைகள் பழத்தைப் பயம் என்றும் பளம் என்றும் சொன்னால் மட்டும் சினம் கொள்கிறோம்.

பிளோக் 1880ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். யூத இனத்தவர். அவர் பள்ளிச் சிறுவராக இருந்த 1894ஆம் ஆண்டில், திரைஃபுஸ் என்னும் யூதப் படைத்தலைவர் நாட்டைக் காட்டிக் கொடுத்தார் என்று பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டுத் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் முடிவாகத் தீர்ப்பளிக்க 1906ஆம் ஆண்டு ஆயிற்று. அப்பன்னிரண்டு ஆண்டுகளும் பிரெஞ்சு நாடு இரு பிரிவாய்ப் பிளந்து கிடந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று அரசாங்கக் கட்டடங்களில் எழுதி வைத்த நாட்டிலும் பிறப்பைக் கொண்டு ஒருவனை ஐயுறும் வழக்கம் இருந்தது என்பதைப் பிளோக் இளமையிலேயே கண்டிருப்பார். (வரலாற்றறிஞர் மார்க் பிளோக் என்பார் வேறொருவர். அவரும் யூதரே, செருமானியரை எதிர்த்துப் போராடி 1944இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். பெயரொற்றுமையால் மயங்குதல் கூடாது.)

கல்வியில் அவர்க்கு வாய்த்த ஆசிரியர் இருவர். ஒருவர் வடமொழியும் பௌத்த நூல்களும் துறைபோகக் கற்ற சில்வேன் லெவி. மற்றவர் ஒப்பிலக்கணத்தில் ஐரோப்பா முழுதும் புகழ் பெற்ற அந்துவான் மெய்யே. லெவியிடம் இந்தியாவைக் கற்றார். மெய்யேயிடம் முறையைக் கற்றார். ஆய்வுக்கு இறங்குவோர்க்குப் பொருளறிவும் முறையறிவும் இரண்டும் வேண்டும். ஒருவரிடமே இரண்டும் கிடைத்தல் அரிது. நம் பல்கலைக்கழகங்களில் ஒரே நெறியாளரின் கையொப்பத்தையே நம்பி ஐந்தாண்டு கழிக்கும் மாணாக்கர், பிறிதொரு துறைப் பேராசிரியரையும் நாடிக் கேட்பது குறைவாக உள்ளது. நெறியாளர் மனம் வருந்துவார் என்னும் அச்சமே காரணம். அவ்வச்சம் வேண்டுவதில்லை என்பது எம் கருத்து.

பாரிசில் அவர் பயின்ற உயராய்வுப் பள்ளி 1868ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அங்குச் சேர்ந்து பாடங்கேட்க முன்பட்டம் எதுவும் கேட்கப்படுவதில்லை. ஆசிரியரும் மாணாக்கர் சிலரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரு பழைய ஓலையையோ கல்வெட்டையோ வரிவரியாகப் படித்து ஐயந்தீர்ப்பதே அங்குப் பாடம். அங்கு ஆசிரியர் முடிந்த முடிவை ஒப்பிப்பதில்லை. தாம் முடிவுக்கு வரும் வழியை மாணாக்கர் கண்முன் நடந்து காட்டுவார். ஆய்வு நெறிப்படுத்தல் என்பதன் உண்மைப் பொருள் இதுவே. பிளோக் மாணாக்கராக இருந்தபோதே ஆசிரியரின் பணியில் பங்கு கொண்டார். புருக்மன் என்னும் செருமானிய அறிஞரின் ஒப்பிலக்கணச் சுருக்கத்தை, மெய்யே முதலியோரின் மேற்பார்வையில் தோழர் இருவருடன் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். 1905இல் அந்நூல் வெளிவந்தபோது அவர்க்கு அகவை இருபத்தைந்து.

அடுத்த ஆண்டு தூரகிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் ஆதரவில் கீழ்நாட்டுப் பயணம் வாய்த்தது. 1906 முதல் 1908 வரை நீண்ட அப்பயணத்தில் இந்தியாவில் தங்கிக் கற்றார். ஏட்டிலே கண்ட மொழிகளை மக்கள் வாயிலே கேட்டார். அதன் பயனாக 1910ஆம் ஆண்டு பாரிசு மொழியியற் கழகத்தின் வெளியீட்டில், தமிழில் சாதிகளும் கிளைமொழிகளும் என்னும் பொருள் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ஏறத்தாழ முப்பது பக்கமே உடையது. எனினும் அதன் அருமையை உணர அக்கால நிலையை அறிதல் வேண்டும். இந்திய மொழிகளை அளந்து காட்டக் கிரியர்சன் என்பார் 1894 முதல் 1928 வரை பெரும் பணி ஒன்றை நடத்தினார். அம்மாபெரும் அளவைப் பணியின் நேரடி விசாரணை சென்னை மாகாணத்துள் நுழையவில்லை. தமிழ்ப் புலவரோ பேச்சுவழக்கைக் கொச்சை என்று ஒதுக்கினர். ஐரோப்பியக் கிளைமொழி ஆய்வாளர், மலையும் ஆறும் மக்களைப் பிரிப்பதால் பேச்சு வேறுபடுகிறது என்று நிலப்படம் வரைந்து கொண்டிருந்தனர். ஒரே ஊரில், கூப்பிடு தொலைவில் வாழ்வோர் பேச்சும் வேறுபடக்கூடும். அவர்களைப் பிரிப்பது சாதி என்னும் கோடு என்பதை மொழியியலின் பொருளாக எடுத்துக்கொண்டதே பிளோக்கின் தனிச்சிறப்பு.

இவ்விடத்தில் பிளோக்கின் நூலை விட்டு, நம் தெருப் பேச்சிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தர விரும்புகிறோம். ப, ம, வ என்பன இதழின் தொழிலால் பிறக்கும் ஒலிகள். இவற்றை அடுத்து இகரமோ எகரமோ அவற்றின் நெடிலோ வந்து, அதன்பின் ட, ண, ள போன்ற நாமடி ஒலி வருமாயின், பேச்சில் அவ்வுயிர் பெரும்பாலும் இதழ் குவிந்த உயிராகிறது. பிடி என்பது புடி ஆகிறது. பிள்ளை புள்ளை ஆகிறது. பெட்டி பொட்டி ஆகிறது. பெண் பொண்ணு ஆகிறது. வீடு வூடு ஆகிறது. பின்னே நாமடி ஒலி வாராவிடில் மாற்றமில்லை. பித்தளையை யாரும் புத்தளை என்பதில்லை. பேத்தியைப் போத்தி என்பதில்லை. மீன் மூன் ஆவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும், பள்ளிக்கு வாராத மூன்று வயதுக் குழந்தையும் இவ்விதியைப் பிழையாது பின்பற்றுகின்றனர். யாரும் அவர்க்குக் கற்பித்திலர். நன்னூற் சூத்திரத்தை மனப்பாடம் செய்த நாமே அத்துணை பிழையின்றிப் புணர்ச்சி எழுதுவதில்லை.

இன்னொன்றையும் நோக்குக. பொண்ணு என்பது எல்லாச் சாதியார் வாயிலும் வருகிறது; யாரும் நகைப்பதில்லை. அதே விதியால் பிறந்த வூடு என்னும் சொல் மட்டும் நகைப்புக்கு இடமாகிறது. எம் ஆசிரியப் பணியின் தொடக்க காலத்தில் ஒரு பள்ளியில், வகுப்பில் எழுந்து நின்று வூட்டுக்குப் போவணும் என்று கேட்ட நம் சமுதாயச் சிறுவனை ஆசிரியர் ஒருவர் மும்முறை திரும்பச் சொல்லவைத்து வகுப்பையே சிரிக்கச் செய்ததைக் கண்டோம். அச்சிறுவன் பின்னர் வகுப்பில் வாய் திறக்கவில்லை. விதி ஒன்றே, மதிப்பு இரண்டு. அம்மதிப்பு வேறுபாடு மொழியிலிருந்து வந்ததன்று. பேசுவோன் குடியிருக்கும் தெருவிலிருந்து வந்தது. செந்தமிழ் கற்பிக்க வேண்டா என்று நாம் கூறவில்லை. தேர்வும் அலுவலகமும் மேடையும் செந்தமிழால் நடப்பவை. அதனை நம் பிள்ளைகள் பிறரினும் மேலாகக் கற்க வேண்டும். ஆனால் வீட்டுமொழி இழுக்கு என்று சொல்லிக் கற்பிப்பது வேறு. அதுவும் ஒரு விதி, இதுவும் ஒரு விதி என்று சொல்லிக் கற்பிப்பது வேறு.

தமிழ்ப் பேச்சை ஆராயத் தொடங்கிய பிளோக், தம் பட்ட ஆய்வுக்கு மராத்தி மொழியை எடுத்துக்கொண்டார். மராத்தி, வடபுலத்து மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது; ஆனால் கன்னடமும் தெலுங்கும் வழங்கும் நிலத்தோடு எல்லை கலந்தது. வடமொழியின் ஒவ்வோர் ஒலியும் பிராகிருதத்தில் எவ்வாறு திரிந்து மராத்தியில் என்ன வடிவம் பெற்றது என்பதை ஒலி ஒலியாக, உருபு உருபாக அவர் நிறுவினார். ஒலித்திரிபு என்பது மனம்போனபடி நிகழ்வதன்று, ஒழுங்குடன் நிகழ்வது என்பதே ஒப்பிலக்கணத்தின் அடித்தளம். நமக்கு அண்மையான சான்று வேண்டின், பெங்களூர் சென்று வந்தவரைக் கேட்கலாம். தமிழில் பால், பல், பத்து, பாடு என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹாடு என வழங்கும். மொழிமுதற் பகரம் அங்கு ஹகரமாயிற்று. ஒரு சொல்லில் கண்டால் அது தற்செயல். நூறு சொல்லில் கண்டால் அது விதி.

ஆய்வு 1914இல் முடிந்தது. அவ்வாண்டே முதல் உலகப் போர் மூண்டது. 1920இல்தான் அந்நூல் உலகிற்குக் கிடைத்தது. இக்கால இந்திய மொழி ஒன்றன் வரலாறு அத்துணை முறையாக அதற்கு முன் எழுதப்பட்டதில்லை. வங்க அறிஞர் சுநீதிகுமார் சட்டர்ஜி 1921-22இல் பாரிசு சென்று பிளோக்கிடமும் லெவி, மெய்யே ஆகியோரிடமும் பாடங்கேட்டார். வங்க மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி அவர் 1926இல் வெளியிட்ட பெருநூலுக்குப் பிளோக்கின் மராத்தி நூலே முன்மாதிரி. அலகாபாத்தின் தீரேந்திர வர்மா, மதுரா வட்டாரத்துப் பிரஜ மொழியை ஆராய்ந்து 1935இல் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றதும் பிளோக்கின் வழியிலேயே ஆகும். ஒருவர் மராத்திக்குச் செய்ததைப் பிறர் வங்கத்திற்கும் பிரஜத்திற்கும் செய்தனர். நல்ல ஆய்வேடு ஒன்று அலமாரியில் உறங்குவதில்லை. அது பிற ஆய்வேடுகளைப் பெறுகிறது.

பாரிசுக் கீழ்த்திசை மொழிப் பள்ளியில் இந்துஸ்தானியும் தமிழும் கற்பிக்கும் பொறுப்பு 1921இல் பிளோக்கிடம் வந்தது. அதற்குமுன் அங்கு நெடுங்காலம் தமிழ் கற்பித்தவர் ழூலியன் வேன்சோன். அவர் 1843இல் பாரிசில் பிறந்தவரெனினும் நம் காரைக்காலில் வளர்ந்தவர். காரைக்கால் காற்றில் கலந்த தமிழ் பாரிசு வகுப்பறைக்கு அவ்வாறு போய்ச் சேர்ந்தது. உயராய்வுப் பள்ளியிலும் பிளோக் பாடம் நடத்தினார். மொழியியற் கழகத்தின் செயலாளராகவும் இருபதாண்டுக்கு மேல் உழைத்தார். கட்டுரை திரட்டல், அச்சுப் பிழை திருத்தல், கூட்டம் கூட்டல் என்னும் இவ்வகைப் பணிகளைப் பெரும் புலவர் பலர் செய்ய விரும்பார். நம் கழகச் செயலாளர்கள் இதன் சுமையை அறிவர்.

1925இல் அவர் வடமொழிக்கும் திராவிடத்திற்கும் உள்ள தொடர்பு பற்றி எழுதினார். அக்கட்டுரை ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, லெவியின் கட்டுரைகளோடு 1929இல் கல்கத்தாப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. வடமொழியில் விளக்கம் காண இயலாதவற்றையெல்லாம் திராவிடம் என்று கொள்வதும், திராவிடத்தின் பங்கையே மறுப்பதும் அவர்க்கு உடன்பாடல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே சான்று கேட்டார். தமிழன்பர் சிலர்க்கு இது மனநிறைவு தராது. எமக்கோ, விரும்பிய முடிவுக்கும் சான்று கேட்பவரே நம்பத்தக்கவர் என்று தோன்றுகிறது.

1937இல் கொலேழ் தெ பிரான்ஸ் என்னும் பெருமைமிக்க கல்லூரியில், தம் ஆசான் லெவி இருந்த இடத்தில் பிளோக் பேராசிரியரானார். 1530இல் தோன்றிய அக்கல்லூரியில் தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. யாரும் கட்டணமின்றி வந்து அமர்ந்து கேட்கலாம். கற்றலுக்கு அத்துணை அகலக் கதவு திறந்த அவ்விடத்திலிருந்துதான் அவர் வெளியேற்றப்பட்டார்.

1940 சூனில் பிரெஞ்சு நாடு செருமனியிடம் தோற்றது. வீஷி நகரில் அமைந்த அரசு அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் யூதர் பற்றிய சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. பாட்டன் பாட்டியர் யாவர் என்று எண்ணிப் பார்த்து ஒருவன் யூதனா என்று முடிவு செய்யும் சட்டம் அது. யூதர் அரசுப் பணியில் இருத்தல் கூடாது. ஆசிரியராக இருத்தல் கூடாது. அறுபது வயதில், இந்திய மொழியியலில் ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞருள் ஒருவராக விளங்கிய பிளோக் பதவி இழந்தார். அவர் என்ன கற்றிருந்தார், என்ன எழுதியிருந்தார் என்பது கேள்வியே ஆகவில்லை. பிறப்பு ஒன்றே கேள்வி. இதனைப் படிக்கும் நம் சமுதாயத்தார்க்கு மேலும் விளக்கம் தேவையில்லை.

புதுவை வரலாற்றில் இதனையொட்டி நினைவு கூரத்தக்கது ஒன்று உண்டு. வீஷி அரசு அச்சட்டத்தைப் பிறப்பிப்பதற்கு முன்பே, 1940 செப்டம்பரில் புதுவை ஆளுநர் லூயி பொன்வேன் தெ கோல் தலைமையிலான விடுதலைப் பிரான்சின் பக்கம் சேர்ந்துவிட்டார். அதற்கும் முன்பு, 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி, நம் முன்னோருள் பலர் தம் பழைய வழக்குரிமையை விட்டுப் பிரெஞ்சுக் குடிச்சட்டத்தை ஏற்று, குடும்பப் பெயர் பெற்றுப் பதிவேட்டில் கையொப்பமிட்டனர். சாதி கேளாத சட்டம் ஒன்று உண்டு என்று நம்பி அவர்கள் ஏற்ற அதே பிரெஞ்சு நாட்டில், அறுபதாண்டு கழித்துப் பிறப்புக் கேட்கும் சட்டம் எழுதப்பட்டது. எழுதிய சட்டமும் காவலின்றி நில்லாது போலும்.

1944இல் பிரான்சு விடுதலை பெற்றதும் பிளோக் தம் இருக்கைக்குத் திரும்பினார். இரண்டாண்டில், 1946இல், அவருடைய திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பு என்னும் நூல் வெளிவந்தது. பெயர், பால், எண், வினை, எதிர்மறை, தொடரமைப்பு என ஒவ்வொன்றிலும் திராவிட மொழிகளை அவர் ஒப்பிட்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்னும் இலக்கிய மொழிகளோடு அவர் நிற்கவில்லை. எழுத்தும் ஏடும் இல்லாத கோண்டி, கூயி, குடுக்கு, மால்தோ முதலியவற்றிற்கும், தொலைவில் பலுசிஸ்தானத்தில் வழங்கும் பிராகுயிக்கும் உரிய இடம் தந்தார். காட்டில் வாழும் கோண்டுப் பெண் வினைச்சொல்லை முடிக்கும் முறை, சங்கப் புலவர் முடித்த முறையோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்க சான்றாயிற்று. கால்டுவெல் 1856இல் தொடங்கி வைத்த பணி இவ்வாறு அகன்றது. பின்னர் பர்ரோவும் எமனோவும் 1961இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டபோது, ஏடில்லா மொழிகளின் சொற்களும் தமிழ்ச் சொற்களுடன் ஒரே வரிசையில் நின்றன.

இறுதி ஆண்டுகளில் இரு நூல்கள் எழுதினார். ஒன்று அசோகன் கல்வெட்டுகள் பற்றியது, 1950இல் வந்தது. மற்றொன்று ஐரோப்பாவெங்கும் நாடோடிகளாய் அலைக்கழிக்கப்பட்ட ரோமா மக்களைப் பற்றிய சிறுநூல், 1953இல் வந்தது. அம்மக்களின் எண்ணுப்பெயர்கள் ஏக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச் என்பன. இந்தியாவிலிருந்து பிரிந்து சென்று பல நூற்றாண்டு கழிந்தும் மொழி பிறந்த இடத்தைச் சொல்கிறது. ரோம் என்னும் அவர்தம் பெயர், வடநாட்டில் தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட தோம்பர் என்னும் இசைக்குடியினர் பெயரின் திரிபே என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. போர்க்காலத்தில் செருமானிய நாசிகள் யூதரைப் போலவே அம்மக்களையும் முகாம்களில் அடைத்து இலட்சக்கணக்கில் கொன்றனர். அப்படுகொலையிலிருந்து தப்பிய இனத்தார் ஒருவர், அதே கொலைக்கு ஆளான மற்றோரினத்தின் வரலாற்றை எழுதினார்.

பிளோக் தொட்ட சாதிக் கிளைமொழி ஆய்வு அவருக்குப்பின் வளர்ந்தது. 1960களில் ஏ. கே. இராமானுசனும் வில்லியம் பிரைட்டும் தமிழ், துளு ஆகியவற்றில் பிராமணர் பேச்சையும் பிராமணரல்லாதார் பேச்சையும் ஒப்பிட்டு எழுதினர். அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறையும், 1969இல் மைசூரில் நிறுவப்பட்ட இந்திய மொழிகள் நடுவண் நிறுவனமும், நம் ஊரிலேயே உள்ள புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனமும் ஆய்வுக்கு இடம் தருகின்றன. எனினும் பிராமணர், அல்லாதார் என்று இரு பெட்டியாகப் பிரித்தபோது, இரண்டாவது பெட்டியின் அடியில் நம் தெருப் பேச்சு அமுங்கிப் போயிற்று என்பது எம் மனக்குறை. முதலியார்பேட்டை ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் பேச்சில் பிரெஞ்சுச் சொல் எத்தனை புகுந்தன, எவ்வாறு திரிந்தன? வீட்டுமொழிக்கும் பாடநூல் மொழிக்கும் இடையே முதல் வகுப்புக் குழந்தை தடுமாறும் இடங்கள் யாவை? திக்குவாய்ப் பிள்ளைக்குப் பயிற்சி தருவோர் எந்தத் தமிழில் பயிற்சி தருகின்றனர்? இவை யாவும் பயன்பாட்டு மொழியியலின் ஆய்வுப் பொருள்கள். வெளியிலிருந்து வருபவன் ஓராண்டு தங்கித் திரட்டும் செய்தியை, இங்குப் பிறந்தவன் தாய்மடியிலேயே பெற்றிருக்கிறான். தாழ்த்தப்பட்டோர்க்கென 2005-06 முதல் வழங்கப்பட்டுவரும் தேசிய ஆய்வு உதவித்தொகையும் உண்டு. நெறியாளரை நாடும் முன், அவர் முன்னர் நெறிப்படுத்திய ஆய்வேடுகளில் இரண்டையேனும் நூலகத்தில் எடுத்துப் படித்துப் பார்த்தல் நன்று. நெறியாளர் எத்தகையவர் என்பதை அவர் மாணாக்கரின் ஏடுகள் மறைக்காமல் சொல்லும்.

பிளோக் 1951இல் பணி ஓய்வு பெற்று, 1953 நவம்பர் 29ஆம் நாள் பாரிசை அடுத்த செவ்ர் என்னும் ஊரில் காலமானார். மறு ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் புதுவை இந்தியாவின் கைக்கு வந்தது. அதே 1954இல் அவருடைய திராவிட இலக்கண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் புனே தக்காணக் கல்லூரி வெளியிட்டது. கொலேழ் தெ பிரான்சில் அவருக்குப்பின் 1952இல் இந்திய மொழி இலக்கியப் பேராசிரியரான ழான் ஃபிலியோசா, 1955இல் புதுவையில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அது புனித லூயி வீதியில் 11ஆம் எண் கட்டடத்தில் இருக்கிறது. அங்கு நூலகம் உண்டு. முதலியார்பேட்டையிலிருந்து மிதிவண்டியில் செல்லும் தொலைவுதான்.